சக்சபோனை டிலே (எதிரொலி), ரிவேர்ப் (மண்டப முழக்கம்), லூப்பரில் (ஊதினதைப் பதிஞ்சு சுத்திச் சுத்தி வாசிக்கிற பெடல்) விடுறவங்க அனுபவத்தைப் போடுங்க (மட்டக்களப்பு, அம்பாறை)

கல்லடி:
மைக்கை மணிவாய்க்குள்ள (குழல் முடியிற விரிஞ்ச வாய்) நேரே பிடிச்சா கீழ்ச்சுரம் மட்டும் முட்டும். மற்றச் சுரமெல்லாம் திறந்து கிடக்கிற ஓட்டைகளாலதான் வெளிய வருது. வாய்க்குக் கொஞ்சம் மேல, ஒரு சாண் தள்ளி, இடக்கைச் சாவிகளைப் பார்க்க வைங்க. மைக் வயரை கிற்றார் பெடல்ல நேரே செருக வேணாம். மைக் சிக்னல் மெலிசு, இரைச்சல்தான் மிஞ்சும். மிக்சர்ல ஆக்ஸ் செண்ட்டால (சிக்னலைப் பிரிச்சு வெளிய அனுப்புற வழி) பெடலுக்கு எடுத்து, பெடல்ல இருந்து வேற சனலுக்குக் கொண்டு வாங்க. திரும்பி வாற சனல்ல அதே ஆக்ஸ் குமிழ் பூச்சியத்தில கிடக்கணும். கல்யாண மண்டபச் செற் ஊளையிட்டா முதல்ல அந்தக் குமிழைப் பாருங்க.

அக்கரைப்பற்று:
கல்லடிக் காக்கா சொன்னதோட பெடல் வரிசையும் முக்கியம். ஒக்டேவர் (ஊதுற சுரத்தை ஒரு ஸ்தாயி மேல, கீழ சேர்க்கிற பெடல்), பிறகு டிலே, கடைசியா ரிவேர்ப். ஒக்டேவருக்கு ஒரு நேரத்தில ஒரு சுரம்தான் பிடிபடும். எதிரொலி கலந்து போனாலும், மல்டிபோனிக் (ஒரே ஊதில பல சுரம்) ஊதினாலும் தடுமாறிக் கொக்கரிக்கும். (அந்தக் கொக்கரிப்புக்காகவே மாத்தி வைக்கிற ஆக்களும் இருக்காங்க.) வேகம் நிமிசத்துக்கு 60 தட்டு எண்டா டிலே 1000 மில்லிசெக்கன், 80க்கு 750. ரிவேர்ப்பில 200 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, இல்லாட்டி ஆறு செக்கன் வால் எல்லாத்தையும் சேறாக்கிடும். டிலேயில 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேலயும் வெட்டணும். சாவி தட்டுற 'டக்' எட்டுத்தரம் திரும்பி வந்தா தச்சுப்பட்டறைதான்.

வாழைச்சேனை:
லூப்பர்ல எல்லாரும் விழுற குழி சுருதி. ஏசி ஹோல்ல குழல் ஆறிக் கிடக்கையில லூப் பிடிக்காதீங்க. குழலுக்குள்ள காத்து ஒரு பாகை சூடானா சுருதி கிட்டத்தட்ட 3 சென்ட் (அரைச்சுரத்தில நூறில மூணு பங்கு) ஏறும். லூப் பழைய இடத்திலயே உறைஞ்சிருக்கும், நீங்க மேல போயிருப்பீங்க. பத்து நிமிசம் ஊதிச் சூடாக்கி, சுருதி பார்த்து, பிறகு லூப். நாதஸ்வரக்காரருக்கு இது புதுசில்ல. கரண்ட் போனா சேமிக்காத லூப்பும் போச்சு. லூப்பர் பெடல் வர முந்தி, அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலி 1960கள்ல ரெண்டு டேப் ரெக்கோடருக்கு ஒரே நாடாவை ஓடவிட்டாரு. ஒண்டு பதியும், மத்தது கொஞ்சம் பிந்தி வாசிக்கும். ரெண்டுக்கும் இடையில உள்ள தூரம்தான் டிலே.

கல்லடி:
வாழைச்சேனைத் தம்பி சொன்ன ஏசி ஹோலை விட்டு வாவிக்கரைக்கு வந்தா வேற பாடு. ஜி ஷார்ப், கீழ் சி ஷார்ப் ரெண்டும் சும்மா இருக்கையில மூடிக் கிடக்கிற சாவிகள், ஈரத்தில பாட் (ஓட்டையை மூடுற தோல் மெத்தை) ஒட்டிக்கும். லூப் ஓடுற நேரம் ஒட்டினா பிழைச்ச சுரம் சுத்திச் சுத்தி வரும். சிகரெட் தாளை இடையில வச்சு மெதுவா மூடி, திறந்த பிறகு எடுங்க. அழுத்தினபடி இழுத்தா தோல் கிழியும். பவுடர் போட வேணாம், ஈரத்தோட களியாகிடும்.