பழைய வீட்டில் வேப்பர் ஸ்டீம் ஹீட்டிங்கா? எதையும் கழற்றச் சொல்லும் முன் இதைப் படியுங்கள்

பிட்ஸ்பர்க், கிளீவ்லாண்ட், பிலடெல்பியா, பாஸ்டன் பக்கம் 1910, 1920-களில் கட்டிய வீட்டை வாங்கிக் குடியேறியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “அக்கா, பேஸ்மென்ட் முழுக்க இரும்பும் பித்தளையுமாக என்னென்னவோ தொங்குது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசு போடலாம்னு சொல்றார். சரின்னு சொல்லிடவா?”

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பது வேப்பர் சிஸ்டமாக இருக்கலாம்: பேஸ்மென்ட் பாய்லரில் எழும் ஸ்டீம், மிகக் குறைந்த அழுத்தத்தில் பைப் வழியாக ஏறி, அறைகளில் உள்ள இரும்பு ரேடியேட்டர்களைச் சூடாக்கும் முறை. அமெரிக்காவில் வீடுகளுக்குப் போட்ட ஸ்டீம் ஹீட்டிங்கிலேயே மிக நேர்த்தியானது அதுதான். இன்று அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிற பிளம்பர்கள் குறைவு. வீடு வாங்கும்போது ஹோம் இன்ஸ்பெக்டர் தரும் ரிப்போர்ட்டிலும் பெரும்பாலும் ‘ஸ்டீம்’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். அதனால் அதைக் காப்பாற்றும் வேலை வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

அடையாளம் பார்ப்பது கஷ்டமில்லை. முதலில் ரேடியேட்டருக்கு எத்தனை பைப் வருகிறது என்று பாருங்கள். ஒரே பைப்பும் பக்கவாட்டில் காற்றை வெளியே விடும்போது உஸ்ஸென்று சத்தம் போடும் சின்ன வென்ட்டும் இருந்தால் அது ஒன்-பைப் ஸ்டீம், வேறு கதை. இரண்டு பைப் இருந்து, ஸ்டீம் மேல்பக்கமாக நுழைந்து, எதிர்ப்பக்கம் கீழே வெளியேறுகிறது, ரேடியேட்டரில் வென்ட்டே கிடையாது என்றால் வேப்பராக இருக்க வாய்ப்பு அதிகம். ஹாட் வாட்டர் சிஸ்டத்திலும் இரண்டு பைப்தான். ஆனால் அதில் காற்றை வெளியேற்ற ரேடியேட்டரின் மேல்முனையில் சின்னத் திருகு இருக்கும். பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்காது. ஸ்டீம் பாய்லரில் அந்தக் குழாய் கட்டாயம் இருக்கும்.

அடுத்து உள்ளே வரும் வால்வைப் பாருங்கள். வட்டச் சக்கரத்துக்குப் பதில் ஒரு கைப்பிடி, அதற்குக் கீழே கோடு போட்ட தட்டு, கைப்பிடி நகர நகர முள்ளும் நகரும். இதை மாடுலேட்டிங் வால்வ் என்பார்கள். ஒன்-பைப் ரேடியேட்டரில் வால்வை முழுக்கத் திற, இல்லையென்றால் முழுக்க மூடு. பாதியில் விட்டால் தண்ணீர் தேங்கிப் பைப் அடிக்கும். வேப்பரில் கால் பங்கு, அரைப் பங்கு என்று வைக்கலாம், அந்த அளவுக்கு மட்டும் ரேடியேட்டர் சுடும். நூறு வருஷத்துக்கு முன்பே ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு கொடுத்திருக்கிறார்கள்.

வெளியேறும் பக்கம் இருப்பதுதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டன்ஹாம், ட்ரேன், வெப்ஸ்டர், ஹாஃப்மன் போன்றவை என்றால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிராப் இருக்கும்; தண்ணீரையும் காற்றையும் விட்டு, ஸ்டீமை மட்டும் தடுத்து நிறுத்துவது அது. மூடியின் மேல் பெயர் புடைப்பாக வார்த்திருக்கும். பத்துப் பூச்சுப் பெயின்டுக்கு அடியில் அது மறைந்து கிடக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகளின் நிழல் விழும், படித்துவிடலாம். சுரண்டாதீர்கள். 1978-க்கு முந்தைய வீட்டில் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ப்ரூமெல் போன்ற ஆரம்பகால சிஸ்டங்களில் டிராப்பே இருக்காது, உள்ளே தண்ணீர்த் தடுப்பு கொண்ட சாதாரண எல்போ மாதிரி ஒன்றுதான் இருக்கும். சாதாரண எல்போ என்று நினைத்துப் பிளம்பர் தூக்கிப் போட்டுவிட்டால் ஸ்டீம் நேரே ரிட்டர்ன் பைப்புக்குள், அதாவது தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் பைப்புக்குள், பாயும்.

இந்த சிஸ்டத்துக்கு உயிர்நாடி குறைந்த அழுத்தம். குக்கரையும் இட்லிப் பானையையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேப்பர் என்பது இட்லிப் பானை. இதன் அழுத்தத்தைப் பவுண்டில் சொல்வதில்லை, அவுன்ஸில் சொல்வார்கள். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. பெரும்பாலான வீடுகளுக்கு 8 அவுன்ஸே தாராளம்.

அழுத்தம் கூடினால் என்ன ஆகும்? சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் தண்ணீரைச் சுமார் 28 அங்குலம் மேலே தள்ளும். உங்கள் பாய்லரின் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே ஓடும் ரிட்டர்ன் பைப்புக்கும் இடையில் 24 அங்குலம்தான் இருக்கிறது என்று வையுங்கள். யாரோ வந்து 2 பவுண்டுக்குத் திருகிவிட்டுப் போனால், பாய்லருக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் 56 அங்குலம் ஏறி நின்றால்தான் உள்ளே நுழைய முடியும். அவ்வளவு உயரம் அங்கே இல்லை. தண்ணீர் ரிட்டர்னில் தேங்கும், பைப் சம்மட்டி அடித்தது போல் இடிக்கும், பேஸ்மென்டில் இருக்கும் வென்ட் வழியாகத் தரையில் கொட்டும். எங்கள் வீட்டுக்கு முன்பு சர்வீஸ் செய்தவர் அப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார்; மாடி அறை குளிர்ந்தே கிடந்தது. குறைந்த அழுத்தத்திலேயே பர்னரை நிறுத்தும் கன்ட்ரோலை வேப்பர்ஸ்டாட் என்று கேட்டு வாங்கிப் போட்டு, அவுன்ஸ் கணக்கில் குறைத்த பிறகுதான் சத்தம் நின்றது.

பாய்லரில் இருக்கும் 30 பவுண்டு கேஜ் விதிப்படி இருக்க வேண்டியது, எடுக்கக் கூடாது. அதில் அவுன்ஸ் தெரியாது. பக்கத்திலேயே 3 பவுண்டு வரை காட்டும் இன்னொரு கேஜ் போடச் சொல்லுங்கள்.

இனி பேஸ்மென்ட். பாய்லருக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, இரும்பு உருண்டையோ பெட்டியோ தொங்கும். அது ரிட்டர்ன் டிராப்பாக இருக்கலாம், ஹாஃப்மன் டிஃபரன்ஷியல் லூப்பாக இருக்கலாம். நிலக்கரி எரித்த காலத்தில் நெருப்பைச் சட்டென்று அணைக்க முடியாது, அழுத்தம் தானாக ஏறும். அந்த நேரத்திலும் தண்ணீர் பாய்லருக்குத் திரும்ப இவைதான் வழி செய்தன. இன்று கேஸ் பர்னர் நொடியில் அணைந்துவிடுவதால் “இது தேவையில்லை” என்பார்கள். அழுத்தம் சரியாக இருந்தால் அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் ஆபத்து. மொத்த வீட்டுக் காற்றும் வெளியேறும் வென்ட் பெரும்பாலும் அந்தப் பெட்டியை ஒட்டித்தான் இருக்கும். பெட்டியோடு வென்ட்டையும் கழற்றி பைப்பை அடைத்துவிட்டால் காற்று போக வழியில்லை, ஸ்டீம் நுழைய இடமில்லை. பிறகு ஒவ்வொரு ரேடியேட்டரிலும் துளை போட்டு வென்ட் வைப்பார்கள். அங்கேயே வேப்பர் சிஸ்டம் செத்தது. கெடுதல் செய்யாத வரை பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

ஆகவே யாரையும் வேலைக்கு விடுவதற்கு முன் ஒவ்வொரு வால்வையும் டிராப்பையும் தொங்கும் பெட்டியையும் போட்டோ எடுங்கள். எந்தப் பைப் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பைப்புகளில் சீட்டுக் கட்டிவிடுங்கள். கம்பெனிப் பெயர் தெரிந்துவிட்டால், இன்டர்நெட் ஆர்க்கைவில் பில்டிங் டெக்னாலஜி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற தொகுப்பில் அந்தக் காலத்துக் கேட்டலாக்குகள் இலவசமாகவே இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

பைப்பைச் சுற்றி வெள்ளையாக, அட்டைப்பெட்டி மடிப்பு மாதிரி ஒன்று சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கிழியாமல் இருந்தால் தொடாதீர்கள். கிழிந்திருந்தால் லைசென்ஸ் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் தடுப்பு வையுங்கள், தொட்டால் சுட்டுவிடும்.

“அக்கா, ஒரு ரூம் மட்டும் சூடாகல. டிராப் முழுசா மாத்தணுமா?”

வேண்டாம் தம்பி. டிராப்பின் உடல் பித்தளை, அது கெடுவதில்லை. உள்ளே இருக்கும் சின்ன எலிமென்ட்தான் கெடும். ஸ்டீம் பட்டதும் விரிந்து வழியை அடைக்கும், ஆறியதும் சுருங்கித் தண்ணீரையும் காற்றையும் விடும். டன்ஸ்டால், பார்ன்ஸ் அண்ட் ஜோன்ஸ் கம்பெனிகள் பழைய மாடல்களுக்கும் எலிமென்ட் செய்து விற்கின்றன. அதற்கு முன் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்து டிராப்புக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் தப்பாகக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். ரேடியேட்டர் நன்றாகச் சுட்டு, தாண்டியுள்ள பைப்பும் அதே சூடு என்றால் டிராப் திறந்தபடி மாட்டிக்கொண்டது. அப்படி ஒரு டிராப் ரிட்டர்னுக்குள் ஸ்டீமை விட்டால், குளிர்வது வேறு அறையாகக்கூட இருக்கலாம். அதனால் எல்லா டிராப்பையும் பாருங்கள்.

“ஏசி வேணும். டக்ட் போட்டு ஸ்டீமை எடுத்துடலாமா?”

ஏசிக்கு மினி-ஸ்ப்ளிட் போட்டுக்கொள்ளுங்கள், ரேடியேட்டரை விட்டுவிடுங்கள். பைப்பை ஒரு தடவை வெட்டினால் திரும்ப வராது.

“பாய்லர் மட்டும் ரொம்பப் பழசு. யாரைக் கூப்பிடறது?”

போனிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை அவுன்ஸில் ஓட்டுவீர்கள்? ரேடியேட்டரை அளப்பீர்களா? ஸ்டீம் பாய்லரின் அளவு ரேடியேட்டரின் கணக்குப்படிதான். ரேடியேட்டரின் ஒரு சதுர அடிக்கு (அறைத் தரையின் அளவு இல்லை) மணிக்கு 240 பி.டி.யூ. வெப்பம். பழைய பாய்லரின் நம்பரைப் பார்த்து எழுதுவது கணக்கில்லை. மூன்று பேரையாவது வரவழையுங்கள். மாடிக்கு ஏறி ரேடியேட்டர்களை எண்ணாமல் பேஸ்மென்டிலிருந்தே விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.