புதுப்பிப்பு: அக்கா பார்ட்னர் ஆகிவிட்டாள்!

லிட்டிகேஷன் (கோர்ட் வழக்குகள்) பார்க்கும் வக்கீல் அக்காவுக்கு அவள் சட்ட நிறுவனத்தில் பார்ட்னர் பதவி தருகிறார்கள், ஏற்கலாமா என்று கேட்டிருந்தேன். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்!

பார்ட்னர்ஷிப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்கச் சொன்னவர்களுக்குக் கோடி நன்றி. 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் (பார்ட்னரும்) சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. சேருவதற்கு முந்தைய பாக்கிகள் தன்னைச் சேராது என்று தெளிவாக எழுதி வாங்கினாள். 31ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. ஆனாலும் பத்திரத்தில் இருப்பதுதான் பலம்.

ஹைகோர்ட்டில் வாதாடுவதை விடமாட்டேன் என்றும் பேசி முடித்துவிட்டாள். எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

பார்ட்னர் ஆகப்போகிறவர்கள் கவனிக்க: 2025 ஏப்ரல் முதல், பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி போன்றவை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள்.