இலையுதிர்கால ரைடு: அணிவகுத்துப் போவதா, விட்டுப் பிடிப்பதா?

முன்விளக்கு:
இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கிராமங்களுக்கு இடையே வளைந்து நெளிந்து போகும் சின்னச் சாலைகளில் ஒரு நாள் ரைடு போடலாம் என்று இருக்கிறோம். 14 பைக்குகள், காலை 7-க்குக் கிளம்புகிறோம். என் திட்டம் இதுதான்: எல்லாரும் ஒரே அணி. முன்னால் வழிநடத்த ஒரு லீட், யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் ஒரு ஸ்வீப், நடுவில் இருப்பவர்கள் இடம் வலமாக மாறி மாறி வரிசையில் வருவார்கள். யாரும் யாரையும் முந்தக் கூடாது. போன தடவை ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போய், பாதி நேரம் போனில் "எங்கே இருக்கீங்க" என்று கேட்பதிலேயே போய்விட்டது. ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசிவண்டி:
இருக்கிறது தலைவரே. நீங்கள் எப்போதும் முன்னால் போகிறவர், பின்னால் நடப்பது உங்களுக்குத் தெரிவதில்லை. லீட் 80-ல் வந்து வளைவுக்காக 50-க்கு இறக்குகிறார். வளைவு முடிந்ததும் மறுபடி 80. அந்த நேரத்தில் 14-வது ஆள் வளைவுக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார். அவர் 50-ல் திரும்பி வெளியே வரும்போது முன்னால் சாலை காலியாக இருக்கும். இடைவெளியை அடைக்க 100-ஐத் தொட வேண்டும், தொட்ட கையோடு அடுத்த வளைவுக்குப் பிரேக்கை அழுத்த வேண்டும். ரப்பர் பேண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. நேர் சாலையில் இது வெறும் எரிச்சல். இலை கொட்டிக் கிடக்கிற வளைவில் இப்படித்தான் ஆள் விழுவார்.

முன்விளக்கு:
லீட் ஒழுங்காக ஓட்டினால் ரப்பர் இழுபடாது. வளைவு முடிந்ததும் த்ராட்டிலைப் பிடுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போதும். இடைவெளிக்கும் கணக்கு இருக்கிறது: நமக்கு நேர் முன்னால் போகிறவரிடமிருந்து 2 வினாடி, பக்கத்துத் தடத்தில் முன்னால் இருப்பவரிடமிருந்து 1 வினாடி. அதோடு, இந்தப் பருவத்துக்கு இடம்-வலம் வரிசைதான் சரி. கார் சக்கரங்கள் ஓடி ஓடி இரண்டு தடங்களில் இலை ஒதுங்கிவிடும். இலை தங்குவது நடுவிலும் ஓரத்திலும்தான். ஆளுக்கு ஒரு தடம் கிடைக்கிறது, வேறென்ன வேண்டும்?

தார்ரோடு:
தடம் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அது நேர் சாலைக்கு மட்டும். வளைவில் யாரும் ஒரே தடத்தில் ஓட்டுவதில்லை. வெளி ஓரத்தில் நுழைந்து, உள்பக்கம் வந்து, மறுபடி வெளியே போகிறோம். அதாவது நடுவில் இருக்கிற இலைத் திட்டை இரண்டு தடவை குறுக்கே தாண்டுகிறோம், அதுவும் பைக் சாய்ந்திருக்கும்போது. அந்தத் திட்டைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மேலே மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். காலால் விலக்கினால் அடியில் நேற்றைய மழையில் ஊறிய கறுப்புக் கூழ். மேலே பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் அந்த 2 வினாடி. 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர், ஆக இடைவெளி 40 மீட்டர். காய்ந்த தாரில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க ஏறக்குறைய 30 மீட்டர் ஆகும், சுதாரிக்கிற ஒரு நொடியில் இன்னும் 20. பிடிமானம் பாதியானால் அந்த 30 என்பது 60 ஆகிவிடும், மொத்தம் 80. முன்னால் போகிறவரும் அதே தூரம் ஓடித்தான் நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் 40 போதும் என்கிறோம். அவர் எதிலாவது மோதிச் சட்டென்று நின்றால் கணக்கு முடிந்தது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று யாரும் வர வேண்டாம். சக்கரம் லாக் ஆகாமல் அது பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிமானத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

இடம்-வலம் வரிசையைச் சொல்லித்தருகிற அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷனே, வளைவான சாலையிலும் மோசமான பரப்பிலும் ஒற்றை வரிசைக்கு மாறச் சொல்கிறது. குழுவுக்கு அவர்கள் சொல்லும் அளவு 5 முதல் 7 பேர். உங்கள் 14 அதற்கு இரட்டிப்பு.

மூன்றாம்கியர்:
எனக்கு ஒரு சந்தேகம். எதற்காக இந்தக் கூட்டம்? மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும், நீங்கள் 14 பேரும் முன்னால் போகிறவர் டெயில் லைட்டைப் பார்த்துக்கொண்டே போய்விட்டு வருவீர்கள். நான் வரவில்லை. முந்தைய நாளே தனியாகப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

புதுச்சங்கிலி:
நீங்கள் எல்லாரும் பழைய ஆட்கள், அதனால் தனியாகப் போகலாம் என்கிறீர்கள். நான் இந்தக் கோடையில்தான் லைசென்ஸ் எடுத்தேன். தெரியாத சாலையில் முன்னால் ஒருவர் போனால் வளைவு எவ்வளவு இறுக்கம் என்று அவரைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். முன்விளக்கு அண்ணா சொல்கிற அணிதான் எனக்குத் தைரியம்.

கடைசிவண்டி:
தம்பி, அந்தத் தைரியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வேகம் அவர் கைக்கும் அவர் டயருக்கும் சரி. அவர் வளைவில் வெளிப்பக்கமாக விலகிச் சாலையை விட்டு இறங்கினால் உங்கள் பைக்கும் பின்னாலேயே இறங்கும், ஏனென்றால் கண் எங்கே போகிறதோ பைக் அங்கே போகும். வளைவின் முடிவைத் தேடிப் பாருங்கள், அவர் முதுகைப் பார்க்காதீர்கள். நீங்கள் லீடுக்கு அடுத்து இரண்டாவதாக வாருங்கள். லீட் உங்கள் வேகத்துக்கு ஓட்ட வேண்டும். புதியவரைக் கடைசியில் போடுவது போல மோசமான வேலை வேறில்லை.

என் மாற்று யோசனை: அணி வேண்டாம், சந்திப்புகளில் ஆள் நிறுத்துவோம். சாலை பிரிகிற இடத்தில் லீடுக்குப் பின்னால் வருகிறவர் நின்று வழி காட்டுவார். ஸ்வீப் தெரிந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இடையில் யார் எவ்வளவு மெதுவாகப் போனாலும் வழி தவறாது, யாரும் துரத்த வேண்டியதும் இல்லை.

முன்விளக்கு:
அப்படியென்றால் முதல் சந்திப்பிலேயே நிற்கப் போவது புதுச்சங்கிலிதானே, இரண்டாவதாக வருவது அவர்தான்! தவிர, இந்தச் சாலைகளில் நிற்க இடம் எங்கே? ஓரம் என்பதே கிடையாது, இலைக்கு அடியில் வாய்க்கால் இருக்கிறதா மண் இருக்கிறதா என்று தெரியாது. சைடு ஸ்டாண்டைப் போட்டால் அது பாட்டுக்கு இறங்கும். ஸ்வீப் பங்சர் பார்த்துக்கொண்டு நின்றால், காட்டுகிறவர் ஒன்றும் தெரியாமல் அரை மணி நேரம் குளிரில் நிற்பார்.

கடைசிவண்டி:
புதியவர் நிற்க வேண்டாம், மூன்றாவது ஆள் நிற்கட்டும். நிற்கும் இடத்தை லீட் கை காட்டட்டும், வளைவுக்கு உள்ளே நிறுத்தவே கூடாது. இதெல்லாம் கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசினால் தீர்கிற விஷயம்.

தார்ரோடு:
மானை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். பல இன மான்களுக்கு இது இணைசேரும் பருவம், கிடா பெண்மானைத் துரத்தும்போது சாலையைப் பார்க்காது. விடியலிலும் அந்தியிலும் நடமாட்டம் அதிகம். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும். லீடின் சத்தத்துக்கு மிரண்டது மூன்றாவது பைக்குக்கு முன்னால் குதிக்கும். நெருக்கமான அணியில் அந்த மூன்றாவது ஆளுக்குப் பின்னால் இன்னும் 11 பேர்.

முன்விளக்கு:
சரி, இறங்கி வருகிறேன். ஏழு ஏழு பேராக இரண்டு குழு, கால் மணி நேர இடைவெளி. நேர் சாலையில் இடம்-வலம், வளைவு தொடங்கியதும் ஒற்றை வரிசை, சந்திப்பில் ஆள் நிற்பார். முந்தக் கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது குழுவுக்குக் கடைசிவண்டி லீட்.

கடைசிவண்டி:
ஸ்வீப் என்றால் வருகிறேன். லீடுக்கு வேறு ஆள் பாருங்கள்.

தார்ரோடு:
கிளம்பும் நேரம் 7 என்று போட்டிருக்கிறீர்கள், 9-க்கு மாற்றுங்கள். காலையில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படியும், டயர் சூடேறவே நேரமாகும். கிளம்புவதற்கு முன் எல்லாரும் காற்றுப் பாருங்கள். வெப்பம் 6 டிகிரி போலக் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும். கோடையில் அடித்த காற்றோடு யாரும் வந்துவிடாதீர்கள்.

முன்விளக்கு:
9-க்குக் கிளம்பினால் திரும்பும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், உங்கள் மான்களும் வெளியே வந்திருக்கும். 8.

மூன்றாம்கியர்:
8-க்கு வடக்குச் சரிவில் மர நிழல் முழுக்க ஈரமாகத்தான் இருக்கும். 9-க்கே கிளம்பி, தூரத்தைப் பாதியாக்குங்கள். முந்தைய நாள் போகும்போது எந்தெந்த வளைவில் இலை கிடக்கிறது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முன்விளக்கு:
பாதி தூரத்துக்கு 14 பேரைக் கூப்பிடுவதா? 8:30.