கிளவுஸுக்குள் ரத்தம்: பெங்களூரு பல் கிளினிக் அனுபவங்கள்

அல்சூர் அசிஸ்டன்ட்:
மூன்று வருஷம் ஆகிவிட்டது. கடைவாய்ப் பல் பிடுங்கிய கேஸ். டிரேயை ஒதுக்கிவிட்டு சிரிஞ்சுக்குக் கேப் போடப் போனேன், இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கிளவுஸுக்கு உள்பக்கம் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகத்தடி வரைக்கும் பரவியது. கண்ணை மூடினால் இன்றைக்கும் அதுதான் வருகிறது. டாக்டரிடம் சொன்னேன். “வயசானவர்தானேம்மா, ஒண்ணும் இருக்காது, ஸ்பிரிட் போட்டுக்கோ, அடுத்த பேஷன்ட்டை அனுப்பு” என்றார். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ஸ்பிரிட் ஊற்றினேன். அதற்குள் அந்தப் பெரியவர் மாத்திரை சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி எனக்கு ஒரு டோஸ்தான் போட்டிருந்தது. ஆறு மாசம் கழித்து டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தது. அந்த ஆறு மாசமும் அண்ணன் குழந்தைக்கு ஒரு வாய் சோறு ஊட்டவில்லை.

ராமமூர்த்தி நகர் பேஷன்ட்:
என்னுடையது பேஷன்ட் நாற்காலியில் உட்கார்ந்தவரின் கதை. ரூட் கெனாலுக்குப் போயிருந்தேன். எனக்கு முந்தின பையன் வாயில் இருந்த, பல்லைக் குடையும் அதே ஹேண்ட்பீஸை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்து என் வாய்க்குக் கொண்டு வந்தார்கள். கிருமி நீக்கிய கவரைப் பிரித்த சத்தமே கேட்கவில்லை. மரத்துப்போன உதட்டோடு எழுந்து வந்துவிட்டேன். கட்டின பணம் போச்சே என்று அம்மா திட்டினார்கள். அந்தப் பையனுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்றுதான் நான் இன்னும் யோசிக்கிறேன்.

ஃபிரேசர் டவுன் பல் டாக்டர்:
ராமமூர்த்தி நகர்க்காரரே, நீங்கள் எழுந்து வந்தது சரி. ஹேண்ட்பீஸ் நிற்கும் நொடியில் வாயில் இருப்பதை உள்ளே இழுக்கும், வெளியே துடைத்து என்ன பயன்? ஆனால் எல்லாக் கிளினிக்கும் இப்படித்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிருமி நீக்கும் நீராவி மெஷினில் 134 டிகிரியில் பிடித்து நிற்பது மூன்று, நான்கு நிமிஷம்தான். சூடேறி, காய்ந்து கைக்கு வர அரை மணிக்கு மேல் ஆகும். அதனால் நாலைந்து ஹேண்ட்பீஸாவது இருந்தால்தான் ஒரு மாலை ஓடும். அந்தச் செலவைச் செய்கிறவர்களும் இருக்கிறோம்.

அல்சூர் தங்கச்சி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் என் அசிஸ்டன்ட்டிடம் “கேப் போட்டுடும்மா” என்று சிரிஞ்சை நீட்டியவன்தான். ஒருநாள் அவள் வாங்கும்போது கை நடுங்கியதைப் பார்த்தேன். ஊசி போட்டவன் நான், கழற்றிப் போட வேண்டியவனும் நான். அன்றிலிருந்து நீட்டுவதில்லை.

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், ஜெயநகர்:
எனக்கும் இரண்டு தடவை குத்தியிருக்கிறது, அதை விடுங்கள். அல்சூர் தங்கச்சி, முதலில் ஒன்று: சோறு ஊட்டினால் ஹெபடைடிஸ் பி வராதும்மா. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சு.

அப்புறம், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. குத்தினால் பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட்டும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேஷன்ட்டை அனுப்பாதீர்கள், பக்குவமாகச் சொல்லி, அவர் சம்மதத்தோடு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். வயதைப் பார்த்தால் எதுவும் தெரியாது. எச்ஐவி ரத்தமாக இருந்தால் 1000 தடவை குத்தினால் சுமார் 3 தடவைதான் தொற்றும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி, பேஷன்ட்டிடம் கிருமி அதிகமாக இருந்தால், 100-க்கு 30 வரை போகும். இந்தக் கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் உயிரோடு கிடக்கும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சந்தேகம் இருந்தால் எச்ஐவி உதவி எண் 1097-க்கு அடியுங்கள், காசு கிடையாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாசக் கணக்கில் மூன்று. முடிந்து ஒன்று, இரண்டு மாசத்தில் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பாருங்கள், 10-க்குக் குறையக் கூடாது. ஒரு டோஸ் போட்டுவிட்டு நிற்கிறவர்கள் நாளைக்கே போய் மிச்சத்தைப் போடுங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. கேப் போட்டே ஆக வேண்டுமென்றால் கேப்பை டிரேயில் வைத்து ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்துவிடுங்கள்.

டாக்டர் சார், உங்களுக்கு ஒரு வார்த்தை. செய்கிறவர்களும் இருக்கிறோம் என்றால் மற்றவர்கள்? வாணியம்பாடியில் 2023-ல் ஒரு பல் கிளினிக்கில் திறந்த சலைன் பாட்டிலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று வந்து 8 பேர் செத்தார்கள். என் மாமியார் ஊர் அந்தப் பக்கம்தான்.

மர்ஃபி டவுன் ரிசப்ஷன்:
டாக்டர், அசிஸ்டன்ட், பேஷன்ட் எல்லாரும் எழுதிவிட்டீர்கள். குப்பை எடுக்கிற அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஊசி போக வேண்டியது குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில். 2016 மருத்துவக் கழிவு விதியே அப்படித்தான். எங்கள் கிளினிக்கில் அந்த டப்பா நிறைந்து நாலு நாள் ஆகியிருந்தது. யாரோ சாதாரணக் கறுப்புக் கவரில் போட்டுவிட்டார்கள். அந்த அம்மா அதைத் தூக்கித் தோளில் சாய்த்தபோது “ஸ்ஸ்” என்றார். முழங்கைக்கு மேல். முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டுப் படி இறங்கினார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து கூப்பிட்டிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து வேலையை விட்டுவிட்டார். ஏஜென்சி அனுப்பியவர், எங்களிடம் போன் நம்பர்கூட இல்லை. தடுப்பூசி போட்டிருந்தாரா என்று யாரும் கேட்டதில்லை, அசிஸ்டன்ட்களுக்குப் போட்ட லிஸ்டில் அவர் பேர் இல்லை. நான்தான் அந்த லிஸ்டை டைப் செய்தேன்.