ஆட்டின் முகத்தில் நோவு தெரியுமா?

தம்பலகாமம் பட்டிக்காரி:
வணக்கம். எங்களிடம் பதினொரு ஆடுகள் நிற்கின்றன, எல்லாம் ஜமுனாபாரிக் கலப்பு, தொங்கு காது. அதில் வெள்ளச்சி குட்டி போட்டு ஒன்பது நாள். முந்தாநாளிலிருந்து அவள் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. குழை தின்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், நொண்டவில்லை. ஆனால் கண் பாதிதான் திறந்திருக்கிறது, கன்னம் இறுகிக் கிடக்கிறது. அசை போடுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனால், வெறும் வாயில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள்.

"தீன் எடுக்கிற ஆட்டுக்கு என்ன நோவு" என்கிறார் அப்பா. போன மாரியில் ஒரு கிடாயை இப்படித்தான் விட்டுவிட்டோம். குளம்பு அழுகியது தெரியவந்தபோது அது முன்னங்காலை மடித்து முட்டியில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னும் மனத்தை அறுக்கிறது. முகத்தை வைத்து நோவைக் கண்டுபிடிக்க ஏதும் முறை இருக்கிறதா?

பேராதனை மாணவி (கால்நடை மருத்துவம்):
இருக்கிறது அக்கா. 2010 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிக்குத் தொடங்கினார்கள். செம்மறிக்கான அளவுகோல் 2016 இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. குளம்பு அழுகலும் மடிவீக்கமும் வந்த ஆடுகளின் முகத்தைப் பார்த்தே அதைச் செய்தார்கள். கண் இடுங்குவது, கன்னம் இறுகுவது, காது திரும்புவது, உதடும் தாடையும், மூக்கின் வடிவம் என்று ஐந்து இடம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி, கூடினால் 10.

வெள்ளாட்டுக்கு அந்தப் புள்ளியை அப்படியே போடாதீர்கள். தொங்கு காதுக்குச் செம்மறியின் காதுக் கணக்குப் பொருந்தாது. கண்ணையும் கன்னத்தையும் பாருங்கள். பல் கடிப்பதும் நோவின் அடையாளம்தான். குட்டி போட்டு ஒன்பது நாள் என்றால் முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள்.

மூதூர் மாட்டுக்காரன்:
தங்கச்சி, கிட்டப் போய்ப் பார்க்காதே. ஆள் வந்தால் மாடும் ஆடும் நோவை மறைக்கும். விடியப்புறம், பால் வாளி எடுக்க முன்னம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார். மாட்டுக்கு நோவு வந்தால் காது பின்னுக்குப் போகும், அல்லது தாழும். கண்ணுக்கு மேலே சுருக்கம் விழும், மூக்கு விரியும். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதே, உறக்கச் சடைவிலும் கண் சொருகும்.

நான் சுகமாய் நிற்கும்போதே ஒவ்வொன்றின் முகத்தையும் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் செவலைக்குப் பிறவியிலேயே இடுங்கின கண். பழைய படம் இல்லாவிட்டால் அதன் முகத்தை ஒருவராலும் வாசிக்க ஏலாது. இன்னொன்று, மனிசருக்கான நோக்குளிசையைக் கொடுத்துவிடாதே. மிருக வைத்தியரைக் கூப்பிடு.

தம்பலகாமம் பட்டிக்காரி:
இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி விடியப்புறம் குசினி ஜன்னலால் பார்த்தேன். குட்டி வலப்பக்கக் காம்பைச் சூப்பும்போது பேசாமல் நின்றாள். இடப்பக்கம் முட்டினதும் காலைத் தூக்கிக்கொண்டாள், கண் முழுக்க மூடிக்கொண்டது, மேலுதடு இழுபட்டது. போய் மடியைத் தொட்டால் இடப்பக்கம் கல்லாய்க் கிடக்கிறது, கொதிக்கிறது. பீச்சினால் திப்பி திப்பியாய் வந்தது.

வைத்தியர் அன்றே வந்து ஊசி போட்டார். அவர் சொல்லும்வரை பால் வீட்டுக்கு எடுக்கக்கூடாது. குட்டிகளுக்கு மற்ற ஆட்டின் பாலைப் போத்தலில் கொடுக்கிறோம். இன்றைக்கு மூன்றாம் நாள், பல் கடிப்பது நின்றுவிட்டது. முதல் நாள் படத்தையும் இன்றைய படத்தையும் அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், மற்றப் பத்தையும் படம் எடுத்துவந்தார்.

ஒரு கேள்வி மிச்சம். முதல் நாள் படத்தில் வெள்ளச்சியின் காது தொங்கித்தான் இருக்கிறது, ஆனால் அடிப்பக்கம் பின்னுக்கு இழுபட்ட மாதிரித் தெரிகிறது. தொங்கு காது ஆடு வைத்திருக்கிற யாராவது இதைக் கவனித்திருக்கிறீர்களா?