மலையூர்ப் பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள என்ன ஏற்பாடு செய்யலாம்?

கேள்வி (அஞ்செட்டி):
அனைவருக்கும் வணக்கம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதி மலையூர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுடன் தாய்சேய் நலப் பணி செய்து வருகிறேன். ஓர் ஊரில், பேறுகாலம் நெருங்கும் கர்ப்பிணியைச் சாலையோரத்தில் உள்ள உறவினர் வீட்டில் முன்கூட்டியே தங்கவைக்கும் வழக்கத்தைப் பெண்களே உண்டாக்கியிருக்கிறார்கள். பக்கத்து மலையில் உள்ளவர்களுக்கோ அது தெரியவே தெரியாது. கூட்டம் கூட்டினால் நாங்களே பேசுகிறோம், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த ஊர்கள் தமக்குள் கற்றுக்கொள்ள வழி என்ன?

பதில் (அரூர்):
எங்கள் வட்டத்தில் உள்ள சிட்லிங்கியை ஒருமுறை நேரில் பாருங்கள். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே பணியைத் தொடங்கியபோது, உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். தன்னோடு களையெடுத்த பெண்ணே வந்து குழந்தையைத் தூளியிலிட்டு எடை பார்த்து, போன மாதத்தைவிட எடை ஏன் கூடவில்லை என்று கேட்கும்போது, தாய் மறைக்காமல் பதில் சொல்கிறாள். வெளியாள் கேட்டால் அந்தப் பதில் வராது. ஆகவே மண்டபத்துக்கு அழைப்பதை விட்டுவிட்டு, ஓர் ஊரிலிருந்து மூன்று நான்கு பெண்களை அடுத்த ஊருக்கு அனுப்பி, இரவு தங்கி, வீடுவீடாக உடன் சென்று பார்க்கச் செய்யுங்கள். நீங்கள் உடன் போகாமலிருப்பது நல்லது.

பதில் (பென்னாகரம்):
தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடின் பாதிப்பைத் தடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. ஆனாலும் குழாயில் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் உலையில் ஏறுகிறது. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். கடைக்கோடிக் குடியிருப்புப் பெண்களும் மேல்தொட்டிக்கு அருகில் உள்ளவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்கு எந்த நாளில் நீர் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், கிராம சபையில் கேட்க வேண்டியது என்னவென்று அவர்களுக்கே தெளிவாகிவிடும்.

பதில் (சூளகிரி):
மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசின் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்கள் பலரும் சுய உதவிக் குழுப் பெண்களே என்பதால், உங்கள் முயற்சிக்கு அவர்கள் பெருந்துணையாவார்கள். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். ஊர்த்தெருவில் கூட்டம் வைத்தால் காலனிப் பெண்கள் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனவே முதல் சந்திப்பைக் காலனியிலேயே வையுங்கள், அவர்களே முதலில் பேசட்டும். வருபவர்களின் அன்றைய கூலியைக் கட்டாயம் ஈடுகட்டுங்கள். தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் அதிகம் என்பதால், குழு சேர்க்கும்போதே மொழி பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.