ஃப்ளஷ் பண்ணா மட்டும் டாய்லெட் அடியில தண்ணி கசியுது, என்ன பண்றது?

பால்மரம்: மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுங்க. குந்துற டாய்லெட்ட உடைச்சிட்டு உட்கார்ற டைப் போட்டோம், அப்பாவுக்கு முட்டி வலி. இப்ப ஃப்ளஷ் பண்ணா அடியில தண்ணி வருது, வாடை வேற, உட்கார்ந்தா லேசா ஆடுது. போட்டவர கூப்பிட்டா சுத்தி சிலிக்கோன் அடிச்சிட்டு போயிட்டாரு, திரும்ப அதே கதைதான் லா.

பழையபைப்பு: ஃப்ளஷ் பண்றப்ப மட்டும் வருது, வாடையும் ஆட்டமும் வேற இருக்குன்னா பெரும்பாலும் டேங்கி மேல தப்பு இருக்காது தம்பி, கீழ போற 4 இஞ்சி பைப்புல பௌல் (உட்கார்ற பீங்கான்) வாய் சரியா உட்காரல. குந்துற டாய்லெட் ஓட்டையும் புது பௌல் ஓட்டையும் பெரும்பாலும் ஒரே இடத்துல வராது, செவுத்துலேருந்து ஓட்டை நடு வரைக்கும் அளந்து பாத்து தான் பௌலே வாங்கணும், பாதி பேரு அத செய்யறதே இல்ல. அந்த சிலிக்கோன் கசிவ நிறுத்தாது, அழுக்குத் தண்ணிய உள்ளயே தேக்கி வைக்கும்.

மண்வெட்டி: பௌல கழட்டித்தான் ஆகணும். தண்ணி வால்வ மூடி, டேங்கிய காலி பண்ணி, நட்ட கழட்டுங்க, சிமெண்ட்ல ஒட்டியிருந்தா உளி வச்சு மெதுவா, இல்லன்னா பீங்கான் பட்டுனு உடைஞ்சிடும். பௌலுக்கும் பைப்புக்கும் நடுவுல கசியாம அடைக்கிற பழைய ரப்பர் காலரோ மெழுகு வளையமோ எதுவா இருந்தாலும் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க. ஆடுற பக்கம் அடியில பிளாஸ்டிக் ஆப்பு சொருகுங்க. நட்ட ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்குங்க, ஓவரா வேணாம்.

பால்மரம்: ஓட்டை கொஞ்சம் தள்ளி இருந்தா ஃபுல்லா உடைக்கணுமா அண்ணே?

பழையபைப்பு: கொஞ்சம்னா ஆஃப்செட் காலர் (தள்ளியிருக்கிற ஓட்டையோட பௌல சேர்க்கிற இணைப்பு) இருக்கு, ஹார்ட்வேர் கடையில கேளுங்க. ரொம்ப தள்ளியிருந்தா தரைய உடைச்சு பைப்ப நகத்தணும், அந்தச் செலவ டாய்லெட்ட மாட்டினவர்தான் தரணும்.